மாப்பிள்ளை பார்க்கப் போன சைக்கிள்

“ஆவுடையப்பன் சார்! ஏ ஆவுடையப்பன் சார்!”

பின்னாலிருந்து மூன்று நான்கு குரல்கள் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான், அந்த ஆவுடையப்பன் தாம்தான் என்பது நெல்லைநாயகத்துக்கு உறைத்தது. சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். கியர் சைக்கிளில் முன்பக்கத்துப் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கக் கூடாது என்று விடிகாலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது நினைவுக்கு வருவதற்குள், கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டுகிற இடத்தில் ஒரு பால்காரரின் கேனைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பர்ஹத் மிதித்து வந்து சேர்ந்தான். சங்கரன்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காட்டுக்குள் சைக்கிள் விடுகிற இந்தக் கோஷ்டிக்கு அவன்தான் தலைவன். நெல்லைநாயகம் ஏறியிருந்த சைக்கிளும் அவன் கடையில் கொடுத்ததுதான்.

“என்ன சார், நாங்கெல்லாம் டீக்கடையில நின்னாச்சு. நீங்க பாட்டுக்கு ராஜபாளையத்துக்குப் போறிய! எத்தன தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டோம், கேக்கலியா?”

“அது வந்து தம்பி... எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

ஏதோ யோசனையில் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காற்று இரைச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்ப் பெயரில் வந்த மனிதருக்கு அவசரத்துக்கு நல்ல பொய் வாயில் வருமா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, வாய் உளறிவிட்டது.

“அப்படியா சார்!” என்று பர்ஹத் அவருடைய காதுக்குப் பக்கத்தில் வந்து போட்ட சத்தத்தில் பால்காரர் கேனை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். “முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா! இனிமே எல்லாரும் சத்தமாப் பேசுதோம் சார்!”

ஒட்டுக் கேட்க வந்த மனிதர் செவிடாகிப்போனார். இப்படியும் ஒரு கூத்து நடக்குமா? நடந்தது.

நெல்லைநாயகம் பாளையங்கோட்டைக்காரர். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் லட்சுமிப்ரியா, கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் இவர் ஒவ்வொரு நொட்டை சொல்லித் தட்டிவிட்டார். ஒருவன் காப்பியை உறிஞ்சிக் குடித்தான் என்றார். இன்னொருவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினானாம், சொந்தப் புத்தி இல்லாதவனாம். மதுரைப் பையன் ஒருவனிடம் எந்தக் குறையும் கிடைக்காமல், அவர்கள் வீட்டு நாய் தம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தது என்று சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது வந்திருப்பவன் சங்கரன்கோவில் விக்னேஷ்வரன். தரகர் நல்லகண்ணு முதலில் “டாக்டர்” என்றுதான் சொன்னார். ஜாதகம் பொருந்தின பிறகு மெதுவாக, “கால்நடை டாக்டர்” என்றார்.

“மாட்டு டாக்டரா!” என்று நெல்லைநாயகம் துள்ளிக் குதித்தார்.

லட்சுமிப்ரியா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவருக்குப் பயம் வந்திருக்காது. அமைதியாகச் சொன்னாள். “அப்பா, எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துக்குள்ள நீங்க சரின்னோ வேண்டாம்னோ ஒரு வார்த்த சொல்லிருங்க. இதையும் நொட்டை சொல்லித் தட்டிவிட்டா, இனிமே எனக்கு மாப்பிள்ளயே பாக்க வேண்டாம். தரகர் நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது. அவ்வளவுதான்.”

சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். நெல்லைநாயகம் ஆடிப்போய்விட்டார்.

பையனைப் பற்றி அவன் ஊர் டீக்கடையில், சலூனில், பக்கத்து வீட்டில் நைசாக விசாரித்துவிட்டு வருவதுதானே நம் பக்கத்து வழக்கம்? அதற்குத்தான் கிளம்பினார். நல்லகண்ணு தடுத்துவிட்டார்.

“அங்கன டீக்கடையில அந்தப் பையனப் பத்தி ஒருத்தன் குத்தம் சொல்ல மாட்டான் அண்ணாச்சி. ஆடு மாடு வச்சிருக்கவனெல்லாம் அவன் பக்கம். பேசாம வேற பேரச் சொல்லிக்கிட்டு அவிய சைக்கிள் கோஷ்டியில ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. ஒருத்தன் குணம் ஏத்தத்துலயும் பஞ்சர்லயும் தெரிஞ்சிரும். அவன் கோவக்காரனா, கஞ்சனா, குடிகாரனா, எல்லாத்தையும் நீங்களே கண்ணால பாத்துக்கலாம்.”

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அப்படித்தான் நெல்லைநாயகம் ஆவுடையப்பன் ஆனார். ஆன அன்று காலையிலேயே முதல் தப்பையும் செய்தார்.

பர்ஹத் கடை வாசலில், “ஓட்டிப் பழக்கம் உண்டா சார்?” என்று கேட்டான். இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவானோ என்ற பயத்தில், “பழக்கமாவா? தெனமும் பாளையங்கோட்டையிலேருந்து தாமிரபரணிக் கரையோரமா எங்கயெல்லாமோ போவேன்” என்று அளந்துவிட்டார்.

பக்கத்தில் அவர் வயசில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். சங்கரநயினார் என்று பெயர். கோவில்பட்டிக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சர்க்கரை வியாதிக்காகச் சைக்கிள் விடுகிறவராம். தொப்பைக்கு மேல் இறுக்கமாக ஒரு பச்சை பனியன் போட்டிருந்தார். அவர் இதைக் கேட்டுச் சிரித்து, “கரையோரமெல்லாம் சமதரை அண்ணாச்சி. நான் மலையேத்தந்தான் விடுவேன்” என்றார்.

நெல்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. “மலையேத்தமா? நான் பாபநாசத்துக்கு மேலேயே போயிருக்கேன்” என்றார். போனது உண்மைதான், பஸ்ஸில்.

மாப்பிள்ளைப் பையன் விக்னேஷ்வரன் அப்போதுதான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஒல்லியாக, கறுப்பாக, சிரித்த முகமாக இருந்தான். இரண்டு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் தேர்ந்த கைன்னு சொல்லுங்க! அப்ப எதுக்குத் தார் ரோட்டுல போய்க்கிட்டு? கரிவலம்வந்தநல்லூர்ல டீயக் குடிச்சிட்டு, மேற்க காட்டுப்பாதையிலயே மலையடிவாரம் வரைக்கும் போயிருவோம். என்னலே பர்ஹத்?”

பர்ஹத்தும் கூட இருந்த இளவட்டங்களும் கைதட்டினார்கள். இரண்டு பெரியவர்களும் எச்சில் விழுங்கினார்கள்.

*

கரிவலம்வந்தநல்லூர் டீக்கடையில் நெல்லைநாயகம் வேலையைத் தொடங்கினார். விக்னேஷ்வரன் கடைக்கு வெளியே யாரோ ஒருவரின் கன்றுக்குட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இதுதான் சமயம் என்று பர்ஹத்தை ஓரமாக அழைத்துக் கிசுகிசுத்தார்.

“தம்பி, உங்க கூட்டாளி நல்லாப் பழகுதாரு. ஆமா... குடிப் பழக்கம் எதுவும் உண்டா?”

பர்ஹத் அவர் காதுகேளாதவர் என்பதை மறக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தான்.

“விக்னேசுக்குக் குடிப் பழக்கம் உண்டான்னா கேக்கிய சார்?”

டீ ஆற்றுகிறவரின் கை நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். கன்றுக்குட்டிகூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

“கிடையாது சார்!” என்று விக்னேஷ்வரன் வெளியிலிருந்தே கத்தினான்.

“யாருய்யா டாக்டரப் பாத்து இப்படிக் கேக்கது?” என்று பெஞ்சிலிருந்த ஒருவர் துண்டை உதறி எழுந்தார்.

“அய்யய்யோ, நான் காப்பி குடிக்கிற பழக்கத்தச் சொன்னேன்! டீக்கடையில நின்னுக்கிட்டு வேற என்னத்தக் கேப்பேன்?” என்று நெல்லைநாயகம் வேர்த்துக் கொட்டிச் சமாளித்தார்.

“சாருக்குக் காப்பி வேணுமாம்!” என்று பர்ஹத் கத்தினான். ஏற்கெனவே டீ குடித்திருந்த வயிற்றில் காப்பியும் இறங்கியது. விக்னேஷ்வரன் அவனே கொண்டுவந்து கொடுத்தான். “சூடு போதுமா சார்?” என்று கையால் சைகை வேறு காட்டினான்.

சங்கரநயினார் அதற்குள் தம் பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்துத் திறந்துவிட்டார். உள்ளே அதிரசமும் தட்டையும் இருந்தன. “தம்பி, இந்தா சாப்பிடு. வீட்டுல செஞ்சது. கடையில வாங்கினதில்ல” என்று விக்னேஷ்வரன் கையில் திணித்தார். பையன் ரசித்துச் சாப்பிட்டான். உறிஞ்சவில்லை, சப்புக்கொட்டவில்லை, விரலைக்கூட நக்கவில்லை. நெல்லைநாயகத்துக்கு ஏமாற்றமாக இருந்தது.

*

தார் ரோடு முடிந்தது. முடிந்த இடத்தில் நெல்லைநாயகத்தின் தைரியமும் முடிந்தது.

இரண்டு பக்கமும் முள்ளு உடைமரம், நடுவில் ஆடு போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் கரிசல் கட்டி, இன்னொரு பக்கம் சரளைக் கல். சைக்கிள் குதித்த குதியில் இடுப்பு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போனார்கள். எதிரே மேற்கு மலை நீலமாக நின்றது. எவ்வளவு மிதித்தாலும் அது பக்கத்தில் வரவே இல்லை.

இறங்கி நின்றுவிடலாமா என்று நினைக்கிற போதெல்லாம் முன்னால் பச்சை பனியன் தெரிந்தது. மலையேற்றக்காரர்! அவருக்கு முன்னால் நிற்கவா? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். சங்கரநயினாரும் அடிக்கடி திரும்பி இவரைப் பார்த்துவிட்டு, தாமும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

ஒரு புளியமரத்து நிழலில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றபோது நெல்லைநாயகத்தின் இடுப்புப் பையில் போன் அடித்தது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. காது மந்தமான மனிதர் உடனே எடுக்க முடியுமா? மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார்! போன்! போன் அடிக்கி!” என்று கோஷ்டியே கத்தியது.

“போனா? அப்படியா?” என்று எடுத்தார். திரையில் ‘பிரியா’ என்று இருந்தது. காதில் வைக்கப் போனவரின் கையிலிருந்து விக்னேஷ்வரன் அக்கறையோடு போனை வாங்கினான்.

“உங்களுக்குக் கேக்காதுல்லா சார். ஸ்பீக்கர்ல போடுதேன்.”

போட்டுவிட்டான்.

“அப்பா!” என்று லட்சுமிப்ரியாவின் குரல் காடு முழுக்கக் கேட்டது. “இன்னும் குத்தம் ஒண்ணும் கெடைக்கலயா? இந்நேரத்துக்கு ஒரு டஜனாவது கண்டுபிடிச்சிருப்பியளே!”

நெல்லைநாயகம் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தார். விக்னேஷ்வரன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது. வெயில் அப்படி.

“மகளா?” என்று கேட்டார் சங்கரநயினார். “என்னத்துல குத்தம் கண்டுபிடிக்கச் சொல்லுதா?”

“அது... வீட்டுக்குத் தரை போடணும். கல்லு. கல்லு பாத்துட்டு வாங்கன்னு சொன்னா. கல்லுல குத்தம் இருக்கான்னு பாக்கணும்லா?”

“காட்டுக்குள்ளயா கல்லு பாக்கிய?”

“காட்டுல கெடக்கதப் பாத்தாத்தான வே கல்லோட தரம் தெரியும்!” என்று நெல்லைநாயகம் சீறினார். பயத்தில் மரியாதை போய் ‘வே’ வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நல்ல பையன்கள், பாவம், கேட்டதை மனசில் வைத்துக்கொண்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பாதையில் கண்ட கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து காட்ட ஆரம்பித்தார்கள்.

“சார்! இந்தச் செவப்புக் கல்லப் பாருங்க! எப்படி மின்னுது!”

“நல்லாருக்கு தம்பி.”

“அப்ப பையில போட்டுருதேன் சார்! வீட்டுல காட்டுங்க!”

முதுகுப் பையில் ஒரு கல் விழுந்தது. அடுத்த மேட்டில் இன்னொன்று, வெள்ளைக் கல். அதற்கடுத்த சரிவில் பர்ஹத், “சார், இது கறுப்பு! இது இல்லாமத் தரையே கெடையாது!” என்று ஒரு பூசணிக்காய்ப் பருமனில் கொண்டுவந்து வைத்தான். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். நெல்லைநாயகம் தம் வீட்டுத் தரையை முதுகில் சுமந்துகொண்டு மலையடிவாரம் நோக்கி மிதித்தார். மகளைப் பெற்றவன் எதைத்தான் சுமக்க மாட்டான்!

போன் வந்ததிலிருந்து சங்கரநயினாரின் போக்கும் மாறிவிட்டது. இவர் பையனுக்குப் பக்கத்தில் போனால் அவர் நடுவில் சைக்கிளைச் செருகினார். இவர் பையனிடம் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தால், “அண்ணாச்சிக்குக் காது கேக்காது தம்பி, நீ என்கிட்டப் பேசு” என்று இழுத்துக்கொண்டு போனார். என்ன மனுஷன் இவன், சைக்கிளில் முந்துவதற்கு இவ்வளவு வெறியா என்று நெல்லைநாயகம் மனசுக்குள் திட்டினார்.

ஓடை வந்தது. தண்ணீர் இல்லை, மணல்தான். அந்தக் கரையில் செங்குத்தான ஏற்றம்.

“இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தாலும் தப்பில்ல சார்!” என்று விக்னேஷ்வரன் கத்தினான்.

“அவரு தள்ளினா நானும் தள்ளுதேன்” என்றார் சங்கரநயினார்.

“எனக்கு என்ன சொன்னாருன்னே கேக்கல” என்று நெல்லைநாயகம் மிதித்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள், ஒரே நேரத்தில் ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் முதுகிலிருந்த கல்லெல்லாம் பின்னால் இழுக்க, நெல்லைநாயகத்தின் சைக்கிள் குதிரை மாதிரி முன்காலைத் தூக்கியது. அவர் மல்லாந்து சங்கரநயினார் மேல் விழ, இரண்டு பேரும் இரண்டு சைக்கிளும் முதுகுப் பையும் உருண்டு ஓர் உடைமரப் புதருக்குள் போய்ச் சேர்ந்தன.

*

விக்னேஷ்வரன் இருவரையும் மணலில் உட்காரவைத்துக் கையில் காலில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தான். அவனுக்கு அவசரமில்லை. முள்ளைத் தொடுவதற்கு முன்னால் சுற்றிலும் லேசாகத் தடவிக்கொடுத்தான். “இந்தா வந்துட்டு... இந்தா வந்துட்டு” என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே எடுத்தான்.

“தம்பிக்குக் கோவமே வராதா? எங்களால உங்க ஞாயித்துக்கிழமையே பாழாப் போச்சு” என்று கேட்டுப் பார்த்தார் நெல்லைநாயகம்.

“இதுல கோவப்பட என்ன சார் இருக்கு! போன வாரம் ஒரு எரும என்ன மிதிச்சிட்டு. அதுகிட்டயே கோவப்படல.”

நெல்லைநாயகத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சுடுசொல், ஒரு முகச்சுளிப்பு, எதுவுமே இல்லை என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

அப்போது ஓடைக் கரையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“டாக்டரய்யாவா! நல்ல நேரத்துல வந்திய! ஓடி வாங்க!”

ஆடு மேய்க்கிற வள்ளித்தாய். உடைமர நிழலில் அவளுடைய சினையாடு ஒன்று கிடந்து முக்கிக்கொண்டிருந்தது. “விடியமின்னேருந்து இப்படித்தான் கெடக்கு. குட்டி வெளிய வர மாட்டேங்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல” என்றாள். கண் கலங்கியிருந்தது.

விக்னேஷ்வரன் எல்லோர் பாட்டிலிலும் மிச்சமிருந்த தண்ணீரை வாங்கிக் கையைக் கழுவினான். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினான். “யாராவது பிடிச்சுக்கிடணும்” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பெரியவர்களும் பாய்ந்தார்கள். சங்கரநயினார் காலைப் பிடித்துக்கொண்டார். தலை நெல்லைநாயகத்தின் மடிக்கு வந்தது.

“பயப்படாத தாயி. கால் ஒண்ணு மடங்கியிருக்கு, அவ்வளவுதான். இந்தா சரி பண்ணிருவோம்” என்று பையன் பேசினான். ஆட்டோடுதான் பேசினான். ஆடு நெல்லைநாயகத்தின் முகத்தைப் பார்த்து ஓலமிட்டது. அவரும் கிட்டத்தட்ட ஓலமிட்டார்.

குட்டி வந்தது. நனைந்த துணி மாதிரி துவண்டு கிடந்தது. அசைவில்லை. வள்ளித்தாய் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். பையன் அதன் வாயைத் துடைத்தான், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினான், ஒரு புல்லைப் பறித்து மூக்கில் நுழைத்தான். பிறகு தன் சட்டையைக் கழற்றி, அந்த வழுவழுப்பான விலை கூடின சைக்கிள் சட்டையைத்தான், குட்டியைச் சுற்றித் தேய்தேய் என்று தேய்த்தான்.

“கத்திட்டு!” என்று நெல்லைநாயகம் கூவினார். “தம்பி, கத்திட்டு! குட்டி கத்திட்டு!”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் குட்டி எல்லோருக்கும் கேட்கும்படி ‘மே’ என்றது.

“சார், எங்களுக்கே கேக்கலியே. உங்களுக்கு எப்படி...” என்று பர்ஹத் சாதாரணக் குரலில் கேட்டான்.

“என்ன தம்பி சொன்னிய?” என்று அவர் காதோரம் கையைக் குவித்துப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது. “மலைக்காத்து பட்டா... அப்பப்பத் தெறக்கும்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. விக்னேஷ்வரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குட்டியைத் துடைத்தான். அவன் தோள் குலுங்கியது.

நெல்லைநாயகம் ஆட்டின் தலையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிரியா பிறந்த அன்றும் இப்படித்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து சொல்வதற்கு முன்பே, மூடின கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. அவள் விஷயத்தில் அவர் காது என்றைக்கும் மந்தமானதில்லை. மாப்பிள்ளைகளிடம் குறை இருந்ததே இல்லை என்பது அவருக்கு அந்தக் காட்டில் தெரிந்தது. அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், மனைவி மீனலோசினி டிவி சீரியலோடு பேசிக்கொண்டிருப்பாள், தாம் யாரோடு பேசுவது என்ற பயம்தான் நாயாகவும் காப்பியாகவும் வெளியே வந்தது. அவருக்குத் தம்மை நினைத்தே வெட்கமாக இருந்தது. பயம் இப்போதும் இருந்தது. ஆனால் இந்தப் பையனை விட்டுவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சங்கரநயினாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, முரடனாக இருந்தாலும் ஈரமுள்ள மனுஷன்தான் என்று நெல்லைநாயகம் அவரையும் மன்னித்தார்.

*

மலையடிவாரத்தில் ராஜகுமாரி என்கிற அம்மாள் ஓலைக் கொட்டகை போட்டு இட்லிக்கடை வைத்திருந்தாள். கோஷ்டி அங்கே போய்ச் சைக்கிளைச் சாய்த்தது. இளவட்டங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். விக்னேஷ்வரன் யாரிடமோ இரவல் வாங்கின சட்டையோடு கைகழுவிக்கொண்டிருந்தான்.

நெல்லைநாயகம் கொட்டகைக்குப் பின்னால் போனார். முதுகுப் பையிலிருந்த கல்லையெல்லாம் கொட்டினார். போனை எடுத்தார்.

“பிரியா.”

“சொல்லுங்கப்பா.” குரலில் பிடிமானம் இல்லை. பதிலை எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது.

“பையன் தங்கம் மா.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“பிரியா? இருக்கியா?”

“அப்பா... குத்தம் ஒண்ணுமே இல்லயா?”

“ஒண்ணு இருக்கு. அவன் வீடு நம்ம அடுத்த தெருவுல இல்ல. அது ஒண்ணுதான்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். “நான் நேர்லயே இன்னாருன்னு சொல்லி, அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, பேசி முடிச்சிட்டு வாரேன். இந்த இடத்த விட்டா எனக்கு ஆறாது மா. அம்மாட்டச் சொல்லு, கேசரி கிண்டச் சொல்லு” என்று போனை வைத்தார்.

முகத்தைக் கழுவினார், தலையைக் கோதிவிட்டுக்கொண்டார். மாமனாருக்கு உரிய நடையோடு கொட்டகைக்குள் வந்து நடுவில் நின்றார். முழங்கால் சிராய்ப்பு எரிந்தது. பொருட்படுத்தவில்லை.

“தம்பி விக்னேஷ்வரன், எல்லாரும் இருக்கும்போதே ஒண்ணு சொல்லிருதேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும். என் பேரு ஆவுடையப்பனும் இல்ல.”

விக்னேஷ்வரன் எழுந்து நின்றான். பர்ஹத் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சங்கரநயினாரும் எழுந்துவிட்டார். பச்சை பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு நிமிசம் அண்ணாச்சி. நானும் தம்பிகிட்ட ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கு” என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜகுமாரி இட்லித் தட்டோடு வந்தாள். முழங்கால் சிராய்ந்து, உடுப்பெல்லாம் முள்ளாக நின்ற இரண்டு பெரியவர்களையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விக்னேஷ்வரன் பக்கம் திரும்பினாள்.

“ஏன் டாக்டரு, எப்பவும் வாரத்துக்கு ஒரு மாமனாரத்தான கூட்டிட்டு வருவிய! இந்த வாரம் என்ன, ரெண்டு பேரு?”